ஆறாவது குறை

கடிதம் வந்த வியாழக்கிழமை எங்களுக்கு ஷிப்மென்ட் வாரம். 1,100 குழந்தைச் சட்டைகள் அட்டைப்பெட்டியில் ஏறக் காத்திருந்தன. செக்கிங் மேசையில் டேப்பை வைத்துக் கழுத்தளவு பார்த்துக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன். "உன் பெயருக்கு அரசாங்கக் கவர் வந்திருக்கிறது. பிரிக்கவா?" பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் எனக்கு இரண்டு விஷயம்தான் காதில் விழுந்தது. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏற்கிறேனா இல்லையா என்று பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அது 2018. எனக்கு 35 வயது. பதினான்கு வருடமாகத் துணித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. எனக்குக் கீழே நாற்பது பேர். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முடியாத வீட்டுக் கடன், பஸ் ஓட்டும் கணவர். அந்தப் பத்து நாளில் நான் என்னென்ன செய்தேன், எதில் கோட்டை விட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பவர் யாருக்காவது உதவட்டும்.

மொரீஷியஸில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களைப் போல எங்கள் வீட்டிலும் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். கோவிலில் தமிழ், கல்யாணப் பத்திரிகையில் தமிழ், தைப்பூசக் காவடியில் தமிழ். சாப்பாட்டு மேசையில் கிரியோல். நான் தமிழ் படிக்க வந்தது எங்கள் நாட்டு ரூபாய் நோட்டு ஒன்றால். 1998-ல் புதிய நோட்டுகள் வந்தபோது, அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த தமிழ் எழுத்து, இந்திக்குக் கீழே மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா ஒரு நோட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, "இதை இறக்கிவிட்டார்கள்" என்று விரலால் காட்டினார். அவர் குரல் நடுங்கியது. அவர் காட்டிய வரியை அவராலும் வாசிக்க முடியாது, அம்மாவாலும் முடியாது, என்னாலும் முடியாது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரமே கோவில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிறகு பள்ளி இறுதித் தேர்வில் தமிழ். வேலைக்குப் போன பின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், வேலையோடு வேலையாக, ஒரு தமிழ் டிப்ளமோ. மாலை வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினேன். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டபோது போட்டேன். ஃபாரஸ்ட் சைடில் உள்ள அரசுப் பணி ஆணையத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மறந்தே போயிருந்தேன்.

விண்ணப்பம் போடும்போது நாம் முடிவு எதுவும் எடுப்பதில்லை. "கிடைத்தால் பார்க்கலாம்" என்று போடுகிறோம். கிடைக்கும் நாளில்தான் முதல்முறையாக யோசிக்கத் தொடங்குகிறோம், அப்போது கையில் இருப்பது பத்து நாள். நான் செய்த முதல் தவறு அதுதான். விண்ணப்பத்துக்கும் கடிதத்துக்கும் இடையே கிடந்த மாதங்களில் இந்தக் கணக்கையெல்லாம் நிதானமாகப் போட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார். "த்ராவாய் கூவெர்ன்மான், மோ தீஃபி! இதிலே யோசிக்க என்ன இருக்கிறது?" அரசாங்க வேலை, என் மகளே. மொரீஷியஸில் இந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் எடை வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கடினம். அம்மாவுக்கு அது இன்னும் கனம். 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு பெருகிய ஆலைகளில், எங்கள் தெருப் பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் மாதச் சம்பளம் பார்த்தார்கள். அம்மா அவர்களில் ஒருவர். 2005 ஜனவரி 1-ஆம் தேதி, நாடுகளுக்கிடையே துணி ஏற்றுமதிக்கு இருந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பல ஆலைகள் மூடின, ஹாங்காங் முதலாளிகள் பலர் மெஷின்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா வேலை பார்த்த இடமும் மூடியது. காலையில் போனவர் பத்து மணிக்கெல்லாம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே திரும்பி வந்தார். அவருடைய ஆலோசனை அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது. ஒருவர் "ஏற்றுக்கொள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லும்போது, அவர் எந்த நாளை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அது அம்மாவின் 2005. என் 2018-க்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கணவர், "நீ என்ன சொல்கிறாயோ அதுதான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அது முழுச் சுமையையும் என் தலையிலேயே வைத்த பதில். அவரிடம் கோபித்துக்கொண்டேன். பிறகு ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன்: "எனக்கு முடிவு சொல்ல வேண்டாம். நான் பார்க்கத் தவறுவதை மட்டும் சொல்." அது எவ்வளவு நல்ல கேள்வி என்று ஏழாம் நாள் தெரிந்தது.

தொழிற்சாலையில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அயர்னிங் பிரிவில் ஒரு திருப்பூர்த் தம்பி இருந்தார். அவரிடம் மட்டும்தான் எனக்குத் தமிழில் பேசும் பழக்கம். "அக்கா, நீங்க பேசற தமிழ் பொஸ்தகத்துல இருந்து வர்ற மாதிரி இருக்குதுங்க, ஆனா கேக்க நல்லா இருக்குதுங்க" என்பார். அவரிடம் வாய்தவறிச் சொன்னது இரண்டே நாளில் மேனேஜர் அறைக்குப் போய்விட்டது. பாவம், பெருமையில் சொல்லியிருக்கிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பதினான்கு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. மடகாஸ்கரில் அன்ட்சிராபேயில் உள்ள எங்கள் கிளைக்குத் தர மேலாளராகப் போகிறாயா என்றார். மூன்று வருடம். 48,000 ரூபாய் சம்பளம், வீடு. நான் அப்போது ஓவர்டைம் சேர்த்து வாங்கியது 31,000.

இப்போது என்முன் மூன்று வழி. இருந்தபடியே இருக்கலாம். மடகாஸ்கர் போகலாம். பாதிச் சம்பளத்தில் மாணவியாகலாம்.

முதல் நான்கு நாளும் நான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி: தமிழ்மேல் எனக்கு எவ்வளவு ஆசை? அந்தக் கேள்வி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. காலையில் ஆசை நிறைய இருந்தது, இரவு கடன் புத்தகத்தைப் பார்த்தால் குறைந்தது. ஆசையை அளக்க டேப் கிடையாது.

ஞாயிறு இரவு பிள்ளைகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான், எனக்குத் தெரிந்த வேலையையே இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. துணித் தொழிலில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். 1,100 சட்டை ஒரு லாட் என்றால் கடைசிச் சோதனையில் 1,100-ஐயும் பார்ப்பதில்லை. 501 முதல் 1,200 வரை உள்ள லாட்டுக்கு 80 எடுப்போம். குறைகளை மூன்றாகப் பிரிப்போம். உடைந்த ஊசிமுனை துணிக்குள் தங்கியிருந்தால் அது ஆபத்தான குறை. ஒன்றே ஒன்று இருந்தாலும் லாட் முழுவதும் நிற்கும். தையல் விட்டிருந்தால், ஓட்டை இருந்தால், நெஞ்சுப் பக்கம் எண்ணெய்க் கறை இருந்தால் பெரிய குறை. நாங்கள் வைத்திருந்த 2.5 என்ற அளவுகோலில் அந்த 80-க்குள் 5 பெரிய குறை வரை ஏற்கலாம், 6 என்றால் நிராகரிக்க வேண்டும். நூல் பிசிறு மாதிரியான சின்னக் குறைக்கு இன்னும் கொஞ்சம் தாராளம். அளவுகோல் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். எங்கும் மாறாதது ஒன்று உண்டு: அந்த எண், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தாளில் எழுதியிருக்க வேண்டும். திறந்து பார்த்த பிறகு எண்ணைத் தீர்மானித்தால், கப்பல் நேரம் நெருங்கும் அவசரத்தில் எவ்வளவு நேர்மையானவர் கையும் ஆறை ஐந்தாக்கிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

எனவே ஒரு தாளை எடுத்தேன். மேலே, ஆபத்தான குறை என்று மூன்று வரி எழுதினேன். வீட்டுக் கடன் தவணை ஒரு மாதமாவது தவறுவது. பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருப்பது. செய்யும் வேலையே உடம்புக்கோ மனதுக்கோ ஒவ்வாமல் போவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வழி வேண்டாம். கீழே, பெரிய குறை: 5 வரை ஏற்பு, 6 என்றால் இல்லை. கணவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு இது விசித்திரமாக இருந்தது, ஆனாலும் போட்டார்.

மடகாஸ்கர் அந்த இரவே விழுந்துவிட்டது. அன்ட்சிராபேயில் பிள்ளைகளின் படிப்புக்கு வழி இல்லை என்று கிளைக்குப் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். போனால் நான் மட்டும் போக வேண்டும். இரண்டாவது வரி. அவ்வளவுதான். அந்த வரியை எழுதி வைக்காமல் 48,000 ரூபாய் என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், "மூன்று வருடம்தானே, வீடியோவில் பேசலாமே" என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். இன்னொன்றும் யோசித்தேன். அந்தக் கிளையின் துணி முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிச்சலுகையை, 2009 அரசியல் குழப்பத்துக்குப் பிறகு மடகாஸ்கர் 2010-ல் இழந்தது. 2014-ல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் எத்தனையோ பேருக்கு வேலை போயிற்று. பெரிய சம்பளம் என்பதாலேயே அது உறுதியான சம்பளம் ஆகிவிடாது. மேனேஜர் கொடுத்த நாற்காலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் கிளம்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகு வரும் பதவி, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டே ஆக வேண்டும். நான் நேராகவே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பேனாவை மூடினார்.

பள்ளிக்கு வருவோம். புதிய வேலையின் மாதிரித் துண்டுகளை எங்கே எடுப்பது? எனக்குத் தெரிந்த மூன்று தமிழாசிரியர்களைப் பிடித்தேன். ஒருவர் ஓய்வு பெற்றவர், ஒருவர் இருபது வருடமாக இருப்பவர், ஒரு பெண் சேர்ந்து இரண்டே வருடம் ஆனவர். "வேலை எப்படி, பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லதையே சொல்வார்கள், அல்லது தங்கள் மனக்குறையைக் கொட்டுவார்கள். நான் கேட்டது: "கடைசியாகப் பள்ளிக்குப் போன நாளில், வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை என்ன செய்தீர்கள்? நிமிடம் நிமிடமாகச் சொல்லுங்கள்." அதே கேள்வியை மூவரிடமும் கேட்டேன். இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டு வருட அனுபவக்காரர் சொன்னது இது. மொழிப் பாடவேளை வந்ததும் பிள்ளைகள் பிரிவார்கள்: இந்திக்கு ஒரு அறை, உருதுக்கு ஒரு அறை, கிரியோலுக்கு ஒரு அறை. தமிழுக்கு அன்று அறை இல்லை, நூலகத்தின் மூலை. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஏழு பிள்ளைகள். அதில் இரண்டு பேருக்கு 'அம்மா' என்று எழுத வரும், ஒருவன் பென்சிலே கொண்டுவரவில்லை. மதிய இடைவேளைக்குப் பின் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி தூங்கிவிட்டாள். 'பழம்' என்ற சொல்லில் கடைசி எழுத்துக்கு முன்னே உள்ளதை உச்சரிக்க வைக்க இருபது நிமிடம் ஆனது. மணி அடித்தது. அவ்வளவுதான் பாடம். "நேற்றையது நல்ல நாள்" என்றும் சொன்னார்.

நான் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கனவு கண்ட தமிழாசிரியை திருக்குறளை விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த வேலையோ தூங்கும் குழந்தையை எழுப்பி ழகரம் சொல்ல வைப்பது, 65 வயது வரை. ஆசை எவ்வளவு என்ற கேள்விக்குப் பதிலாக இப்போது ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது: அந்த நூலக மூலையில், அந்த மதிய நேரத்தில், அந்த ஏழு பேரோடு இருக்க எனக்குச் சம்மதமா? கோவில் மாலை வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளோடு பல வருடம் இருந்திருக்கிறேன். களைத்து வீடு திரும்பியிருக்கிறேன், வெறுத்துத் திரும்பியதில்லை. மூன்றாவது ஆபத்தான வரியில் டிக் போடவில்லை.

பெரிய குறைகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. ஒன்று, பயிற்சிக் காலச் சம்பளம் பாதியை ஒட்டியே இருந்தது. இரண்டு, எந்தப் பள்ளிக்குப் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. ரோஸ் ஹில்லில் இருக்கும் எனக்குத் தீவின் தெற்கு முனையும் வரலாம். மூன்று, அறை இல்லாமை, சேர்த்துவைத்த வகுப்புகள். நான்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை. 2012-லிருந்து தொடக்கப்பள்ளியில் கிரியோலும் விருப்பப் பாடம். வீட்டில் பேசும் மொழியிலேயே எளிதாக மதிப்பெண் வாங்கலாமே என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வேலை போகாது, ஆனால் வகுப்பு காலியாகலாம். ஐந்து, நானாக விலகினால் பதினான்கு வருடச் சேவைக்குப் பணிக்கொடை கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்போதைய சட்டத்தில் அது ஓய்வு பெறும்போது கிடைப்பது, ராஜினாமாவுக்குக் கிடைப்பதில்லை. 2020 ஜனவரியிலிருந்து தனியார் துறையினருக்கு, முதலாளி மாறினாலும் கூடவே வரும் ஓய்வுக்கால நிதி வந்திருக்கிறது. இன்று விலக நினைப்பவர்கள் தங்கள் கணக்கில் எந்த வருடத்திலிருந்து பணம் சேர்ந்திருக்கிறது, அதற்கு முந்தைய வருடங்களுக்கு என்ன நிலை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து. எல்லைக்கு உள்ளேதான். ஏழாம் நாள் இரவு தாளைக் கணவரிடம் காட்டி, "ஏற்கலாம்" என்றேன்.

அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நான் ஒன்று சொல்லட்டுமா? தொழிற்சாலையில் நாற்பது பேர் நீ சொன்னால் நிற்பார்கள். அடுத்த ஜனவரியில் 22 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவாய். உன்னைவிட இளையவர் ஒருவர் உன் பாடக்குறிப்பில் சிவப்பு மையால் கோடு போடுவார். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவாய்?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் சுருக்கென்றது. பெரிய குறை, ஆறு. நிராகரிப்பு.

அன்று இரவு நான் செய்ய நினைத்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாவது குறையை, அந்த அறை விஷயத்தை, 'சின்னக் குறை' என்று மாற்றி எழுதப் பேனாவை எடுத்தேன். நூலக மூலை என்றால் என்ன, மரத்தடியில்கூட நடத்தலாமே என்று மனம் வாதாடியது. பதினான்கு வருடமாக மற்றவர்கள் செய்தால் நான் கையைப் பிடித்து நிறுத்திய வேலை அது. கறையைப் பார்த்துவிட்டு அதற்கு வேறு பெயர் வைப்பது. பேனாவைக் கீழே வைத்தேன்.

ஆனால் தொழிற்சாலையில் ஆறு வந்த லாட்டை நாங்கள் எரித்துவிடுவதில்லை. பெட்டிகளைத் திரும்ப லைனுக்கு அனுப்புவோம். குறையுள்ளதைப் பிரித்து, திருத்த முடிவதைத் திருத்தி, மறுபடி சோதிப்போம். பெயரை மாற்றுவதற்கும் குறையைத் திருத்துவதற்கும் உள்ள தூரம் பெரிது. இந்த ஆறில் எதைக் கையால் திருத்த முடியும் என்று பார்த்தேன். பள்ளி எங்கே என்பது என் கையில் இல்லை. அறை இல்லை, எண்ணிக்கை இல்லை, பணிக்கொடைச் சட்டம் இல்லை. என் தலைக்கனம் ஒரு வாரத்தில் போகாது. பணம் மட்டும்தான்.

எட்டாம் நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். மாதம் 14,000 ரூபாய் துண்டு விழும் என்பது கணக்கு. வீட்டுக் கடனின் காலத்தை நீட்டித்தால் தவணை 2,000 குறையும் என்றார்கள். மொத்தத்தில் வட்டி கூடும். தெரிந்தே கையெழுத்திடச் சம்மதித்தேன். மூத்தவளின் டியூஷனை நிறுத்தி நானே சொல்லிக்கொடுத்தால் 1,500. கணவர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் எடுத்தால் 2,500. துண்டு 8,000 ஆனது. சேமிப்பில் இருந்தது 2 லட்சம். 25 மாதம் தாங்கும். அதற்கு மேலும் பயிற்சி நீண்டால் என் இரண்டு வளையல்கள் இருக்கின்றன என்று அதையும் தாளில் எழுதினேன், பிறகு புலம்பக் கூடாது என்பதற்காக. முதல் குறையைச் சிவப்பில் அடித்து, தேதி போட்டு, சின்னக் குறைப் பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது ஐந்து. கணவர் மறுபடி கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் பதில் எழுதிக் கொடுத்தேன்.

ராஜினாமா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஏற்புக் கடிதம் கொடுத்த உடனே வேலையை விட்டுவிடத் தோன்றும். மருத்துவச் சோதனை, நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் முடிந்து, சேரும் தேதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே நான் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். என்னோடு தேர்வான ஒருவர் முன்கூட்டியே விட்டுவிட்டு, இடையில் சம்பளம் இல்லாமல் தவித்தார். மீதி லீவுக்கான பணத்தையும், எத்தனை வருடம் என்ன வேலை பார்த்தேன் என்ற சான்றிதழையும் கடைசி நாளுக்கு முன்பே வாங்கிக்கொண்டேன்.

என் தாளில் வராமல் தப்பியது ஒன்று உண்டு. தொழிற்சாலை வேன். பதினான்கு வருடம் அது தினமும் வீட்டு முனையிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய்க் கொரோமாண்டெலில் இறக்கியது, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டது. சோழமண்டலம் என்ற பெயர்தான் ஐரோப்பியர் வாயில் கொரோமாண்டெல் ஆயிற்று என்று அந்த வேனில்தான் யாரோ சொல்லிக் கேட்டேன். இலவசமாகக் கிடைப்பது கணக்கில் தெரிவதே இல்லை. முதல் பள்ளி தெற்குக் கரையில் சூய்யாக் பக்கம் போட்டார்கள். க்யூர்பீப் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும். காசு ஒரு பக்கம், தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில். வேலை மாறுபவர்கள் பழைய இடம் சும்மா தருவதையெல்லாம், வேன், மதியச் சாப்பாடு, மருந்துச் செலவு, ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு மை இருந்தது. கணவர் சொன்ன கோபமும் வந்தது. ஒரு மாலை மகனைக் காரணமில்லாமல் திட்டிவிட்டு, அந்தத் தாளை எடுத்து ஆறாவது வரியைப் பார்த்தேன். முன்பே எழுதி வைத்திருந்த கோபம் என்பதால் அதன் பெயர் தெரிந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

2020 மார்ச்சில் நாடே முடங்கியது. ஜூலை வரை பள்ளிகள் திறக்கவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பாடம் சொன்னோம். சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. தையல் லைனில் இருந்த என் தோழிகள் சிலர் அந்த மாதங்களில் பட்ட பாடு எனக்குத் தெரியும். "பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா?" என்றார் அம்மா. எனக்கு அது பிடிக்கவில்லை. பெருந்தொற்று வரும் என்று 2018-ல் யாருக்கும் தெரியாது. பிறகு நடந்ததை வைத்து முன்பு எடுத்த முடிவுக்கு மதிப்பெண் போடுவது சரியல்ல. மடகாஸ்கருக்கு எனக்குப் பதிலாகப் போன தோழி நன்றாகவே இருக்கிறாள். வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டாள். அவள் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், அவளுடைய ஆபத்தான வரிகள் வேறு. அவளும் சரியாகத்தான் முடிவெடுத்தாள்.

ஐந்து குறைகளில் சில இப்போது இல்லை. பள்ளி மாற்றம் கிடைத்து வீட்டுக்கு அருகே வந்துவிட்டேன். அறையும் இருக்கிறது, மதியம் வெயில் அடிக்கும் மேற்குப் பக்க அறை. நான்காவது மட்டும் அப்படியே இருக்கிறது. போன வருடம் என் ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பேர், இந்த வருடம் ஐந்து. ஜனவரியில் புதுப் பிள்ளைகள் சேரும் முதல் நாள், பெற்றோர்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு சின்ன மேசை போட்டுக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மேசையில் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைக்கப் போகிறேன், எங்கள் தமிழ்த் தலைவர்களில் ஒருவரான ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்டது. அதில் உள்ள தமிழ் வரியை எத்தனை அப்பாக்களுக்கு வாசிக்கத் தெரிகிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பேன்.